மாமாவின் சட்டையில் ஒரு பழுப்பு அட்டை

ரயில் நிலையத்தின் இரண்டாவது நடைமேடைக் கோடியில், டீக்கடையை ஒட்டி, 'தொலைந்த பொருட்கள்' என்று பலகை மாட்டிய ஓர் அறை உண்டு. பதினோரு வருடங்களாக அந்த அறையின் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளைச் சுமை தூக்குபவர் முதல் நிலைய அதிகாரி வரை எல்லோரும் 'அட்டையக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ரயிலில் யாரோ விட்டுப்போன குடையோ, பையோ, ஒற்றைச் செருப்போ, எது வந்தாலும் ஒரு பழுப்பு அட்டையை எழுதி நூலால் கட்டிவிடுவாள். பொருள், அடையாளம், கிடைத்த இடம், மதிப்பு. நாலே வரி. அடியில் அலுவலகத் தொலைபேசி எண் அச்சடித்தே வரும். ஒருமுறை பல்செட் ஒன்று வந்தது. அதற்கும் அட்டை கட்டினாள். உரிமையாளர் வாயைப் பொத்திக்கொண்டு வந்து வாங்கிப் போனார்.

ஊரார் தொலைத்ததையெல்லாம் பத்திரமாக வைத்துத் திருப்பிக் கொடுத்த அவள், போன மாதம் தன் வீட்டு மனிதரையே தொலைத்தாள்.

கணவனின் அப்பா. அவளுக்கு மாமா. முப்பத்து நாலு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் எண் பார்த்து எழுதியவர். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடமாகிறது. இரண்டு வருடமாக அவருடைய ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கிறது. காலையில் சாப்பிட்டதை மதியம் மறந்துவிடுவார். பேரன் பெயரை மறந்துவிடுவார். எந்தக் கட்டடத்தில் மீட்டர் எந்தச் சுவரில் இருக்கும் என்பதை மட்டும் மறக்கவில்லை. அன்று நாலு மணி நேரம் தேடியபின், ஏழு தெரு தள்ளி, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கிடைத்தார். வரிசையாக மாட்டியிருந்த மீட்டர்களுக்கு முன்னால் வெறுங்காலோடு குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையில் பேனாவால் எண்களை எழுதிக்கொண்டிருந்தார்.

செய்தி கேட்டு நாத்தனார் ஓடி வந்தாள். கணவனின் அக்கா, ஊரின் மறுகோடியில் துணி வெளுக்கும் கடை வைத்திருப்பவள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"எங்கப்பா என்ன குடையா? மறந்துட்டு வந்து மறுநாள் வாங்கிக்கிறதுக்கு? நாலு மணி நேரம்! ஒரு லாரி வந்திருந்தா?"

"அண்ணி, தாழ்ப்பாளைப் போட மறந்துட்டேன். இனிமே..."

"இனிமே ஒண்ணும் வேண்டாம். முதியோர் இல்லத்துல இடம் கேட்டு வெச்சிருக்கேன். ஃபாரம் என் பையிலதான் இருக்கு. அங்க ராத்திரி பகலா ஆள் இருப்பாங்க. கதவு பூட்டியிருக்கும்."

பூட்டியிருக்கும் என்ற அந்த ஒரு வார்த்தை அட்டையக்காவின் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. வேலைக்கான பரீட்சைக்கு அவள் படித்த ஆறு மாதமும் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மீட்டர் எண்களையே தாலாட்டாகச் சொல்லித் தூங்க வைத்தவர் அந்த மனிதர். தெருத் தெருவாக நடந்தே ஆயுளைக் கழித்தவர். அவரைப் பூட்டி வைப்பதா? அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். நாத்தனார் அன்றைக்குச் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஃபாரம் மட்டும் பையிலேயே இருந்தது.

இந்த நேரத்தில்தான் மாமா அந்த ஆசையைச் சொன்னார்.

"தலைநகரத்தைப் பார்க்கணும்மா. லீவு கிடைச்சா போலாம்னு இருந்தேன். கிடைக்கவே இல்ல."

டாக்டரைக் கேட்டாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "கூட்டிட்டுப் போறதுன்னா இப்பவே போயிடுங்க. அடுத்த வருஷம் போனா எங்க வந்திருக்கோம்னே அவருக்குத் தெரியாது."

நாத்தனாரிடம் போனில் விஷயத்தைச் சொன்னபோது மறுமுனையில் நெடுநேரம் இஸ்திரிப் பெட்டியின் ஓசை மட்டும் கேட்டது.

"வீட்டுக்குள்ள வெச்சே காப்பாத்த முடியல. அவ்வளவு பெரிய ஊர்ல..." என்றாள் கடைசியில். "சரி, போங்க. பத்து மணி, பன்னெண்டு மணி, மூணு மணி, ஆறு மணி, நாலு தடவை கூப்பிடுவேன். அப்பா குரலை நான் கேக்கணும். பத்திரமா திரும்பி வந்துட்டா இல்லத்தைப் பத்தி வாயே திறக்க மாட்டேன். ஒரு நிமிஷம் காணோம்னாலும், திங்கக்கிழமை நானே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் நீ அழக் கூடாது."

"அழ மாட்டேன், அண்ணி" என்றாள். போனை வைத்ததும் அழுதாள்.

அதன் பிறகு பத்து நாட்கள் சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. தலைநகரத்தின் வரைபடம் விரிந்து கிடந்தது. அவள் பென்சிலும் அழிப்பானுமாக உட்கார்ந்திருந்தாள். கடைவீதியை அடித்தாள், கடை வாசல்களில் மீட்டர்கள் வரிசையாக இருக்கும். பழைய குடியிருப்புத் தெருவை அடித்தாள், அதே காரணம். கோபுரத்தை அடித்தாள், லிஃப்ட்டில் கூட்டம் நெரியும். மிஞ்சியது நாடாளுமன்றத்துக்கு எதிரிலுள்ள புல்வெளி, பூங்கா, அருங்காட்சியகம், கடைசியாக ஆற்றில் படகு.

"இது ஊர் சுத்துறதா, படையெடுப்பா?" என்றான் கணவன். பெயின்ட் கடையில் விற்பனையாளன். எந்தப் பதற்றத்தையும் சிரிப்பு பூசி மறைக்கப் பார்ப்பான்.

"நீங்க சிரிங்க. ஃபாரம் உங்க அக்கா பையிலதான் இருக்கு."

அவன் சிரிப்பு அடங்கியது.

அவள் ஒரு விதியும் போட்டாள். அது அவளுடைய அலுவலக விதி. ஷிஃப்ட் மாறும்போது ஒரு பொருளை ஒருவர் இன்னொருவரிடம் ஒப்படைத்தால் "கொடுத்தாச்சு" என்பார். வாங்குபவர் "வாங்கியாச்சு" என்பார். அதைச் சொல்லாமல் ஒரு கைக்குட்டைகூடக் கைமாறாது. மாமாவின் கையை யார் பிடித்திருந்தாலும், மாற்றும்போது இரண்டு வார்த்தையும் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வயது மகள் தலையாட்டினாள். ஆறு வயது மகனுக்கு இது விளையாட்டாகப் போயிற்று. தட்டை நீட்டினாலும் "கொடுத்தாச்சு", தண்ணீர் குடித்தாலும் "வாங்கியாச்சு". நடுநடுவே, "படகு உண்டா, இல்லையா?"

கிளம்புவதற்கு முந்தின நாள் அலுவலகத்தில் ஓர் அட்டையை எடுத்து எழுத ஆரம்பித்தாள். பக்கத்து நாற்காலியில் சாவி சார். அலுவலகச் சாவியை இடுப்பில் கட்டியிருப்பதால் அந்தப் பெயர். ஓய்வுக்கு ஒரு வருடம்தான் இருக்கிறது. நாற்காலியை விட்டு எழுவதென்றால் அவருக்குக் கசப்பு மருந்து குடிப்பது மாதிரி.

"என்ன, வீட்டு ஆளுக்கே அட்டையா? அப்படியே வீட்டுக்காரருக்கும் ஒண்ணு கட்டிடுங்க அட்டையக்கா. தொலைஞ்சா மூணு மாசம் வெச்சிருந்து ஏலம் விட்டுடலாம்."

"யார் சார் எடுப்பாங்க?" என்று சிரித்தாள். கை மட்டும் பழக்கத்தில் ஓடியது. பொருள் என்ற இடத்தில் மாமாவின் பெயர். அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு, வெள்ளைச் சட்டை. கிடைத்த இடம்: காலி. மதிப்பு என்ற இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எதையோ எழுதினாள். அன்று மாலையே அதை மாமாவின் சட்டைக்கு உட்புறம் நாலு பக்கமும் தைத்துவிட்டாள்.

விடிந்தும் விடியாத வேளையில் ரயில் ஏறினார்கள். அன்று அரசு விடுமுறை. மூன்று மணி நேரப் பயணத்தில் அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பத்து மணிக்கு நாடாளுமன்றத்துக்கு எதிரே புல்வெளியில் நாத்தனாரின் போன். மாமா "நல்லா இருக்கேன்மா. எவ்வளவு விளக்குக் கம்பம்! பில் எவ்வளவு வரும்!" என்றார். பன்னிரண்டு மணிக்குப் பூங்காவில், வாயில் ரொட்டியோடு, "சாப்பிடறேன்மா" என்றார். நாத்தனாரின் குரலில்கூட ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அட்டையக்காவுக்கு முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

சீராக வந்த அந்த மூச்சுதான் வினையாயிற்று.

இரண்டரை மணிக்கு அருங்காட்சியகம். நுழைவாயிலில் கூட்டம். அவள் ஒரு கையில் ஐந்து டிக்கெட்டுகள், மறு கையில் சாப்பாட்டுப் பை, தோளில் மகனின் தண்ணீர் பாட்டில். சோதனை வாசலில் கணவனின் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். அவன் அப்பாவை அவள் பக்கம் நகர்த்தி, "கொடுத்தாச்சு" என்றான்.

"வாங்கியாச்சு" என்றாள் அவள், டிக்கெட்டுகளை எண்ணிக்கொண்டே.

நிமிரவில்லை. கையை நீட்டவுமில்லை. பதினோரு வருடங்களில் ஒரு லட்சம் தடவை சொன்ன வார்த்தை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

டிக்கெட்டைக் காவலரிடம் நீட்டிவிட்டுத் திரும்பியபோது பக்கத்தில் யாருமில்லை.

"அப்பா எங்க?" என்றான் பையை மூடிக்கொண்டு வந்த கணவன்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "உங்ககிட்ட..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த இருபது நிமிடம் அவள் ஆயுளிலேயே நீளமான இருபது நிமிடம். கணவன் வெளியே ஓடினான். மகள் தம்பியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு தூணருகே நின்றாள். அட்டையக்கா கூடம் கூடமாக ஓடினாள். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் எந்தக் காலத்து மண்பானைகளோ பத்திரமாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டை. என்ன, எங்கே கிடைத்தது. உயிருள்ள ஒரு மனிதரைத்தான் காணவில்லை. ஒலிபெருக்கியில் மாமாவின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள்.

"இங்க மீட்டர் எங்க இருக்கு சார்?" என்று காவலரைக் கேட்டாள். அவர் அவளை விநோதமாகப் பார்த்தார்.

"மீட்டரா? பின்பக்கம் தனி ரூம்மா. எப்பவும் பூட்டித்தான் இருக்கும். யாரும் போக முடியாது. அவர்கிட்ட போன் நம்பர் ஏதாவது இருக்கா?"

"இருக்கு. சட்டைக்குள்ள அட்டை தெச்சிருக்கேன்."

"அப்புறம் என்ன பயம்? பார்க்கிறவங்க கூப்பிடுவாங்க."

அவள் நம்பிக்கையோடு தன் போனைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே சிலையானாள்.

அந்த அட்டையில் அவள் எண் எங்கே?

நாலு வரி. அடியில் அச்சடித்த எண். பதினோரு வருடமாக அவள் எந்த அட்டையிலும் தன் எண்ணை எழுதியதில்லை. எழுத இடமும் இல்லை, தேவையும் இல்லை. மாமாவைக் கண்டெடுக்கும் புண்ணியவான் கூப்பிட்டால், மூன்று மணி நேரப் பயணத்துக்கு அப்பால், விடுமுறைக்குப் பூட்டிய ஓர் இருட்டறையில், குடைகளுக்கும் பைகளுக்கும் நடுவே மணி அடிக்கும். அடித்து அடித்து ஓயும்!

படியில் உட்கார்ந்தாள். சாவி சாரைப் போனில் கூப்பிட்டாள். ஆறு முறை மணி அடித்தபின் தூக்கக் கலக்கத்தோடு எடுத்தார்.

"சார், ஆபீசைத் திறங்க சார். உடனே ஓடுங்க. மாமாவைக் காணோம். அட்டையில நம்ம ஆபீஸ் நம்பர்தான் இருக்கு."

"அட என்னம்மா நீ..." என்றவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. செருப்பு தேடும் ஓசை கேட்டது. பிறகு அதையும் தேடாமல் ஓடும் ஓசை.

சரியாக மூன்று மணி. போன் அதிர்ந்தது. நாத்தனார்.

திரும்பி வந்த கணவன் வியர்வை வழிய நின்றான். "பாத்ரூம் போயிருக்கார்னு சொல்லிடு" என்று கிசுகிசுத்தான். "பத்து நிமிஷம் கிடைக்கும். அதுக்குள்ள கிடைச்சுட்டா அக்காவுக்குத் தெரியவே வேண்டாம்."

எவ்வளவு சுலபமான பொய்! ஒரே ஒரு பொய், ஃபாரம் பையிலேயே கிடக்கும். ஆனால் அந்தப் பக்கம் காத்திருப்பவளும் ஒரு மகள். தொலைத்துவிட்டுத் தவிக்கும் முகங்களைத் தினமும் ஜன்னல் வழியாகப் பார்ப்பவளுக்கு, பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"அண்ணி, மாமாவைக் காணோம். அரை மணி நேரமாகுது. தேடிட்டிருக்கோம்."

மறுமுனையில் இஸ்திரிப் பெட்டியின் ஓசை நின்றது.

"யார் கையில இருந்தார்?"

கணவன் தன் நெஞ்சைத் தொட்டு, என் பெயரைச் சொல் என்று ஜாடை காட்டினான். அவள் தலையை அசைத்தாள்.

"என் கையில, அண்ணி. வாங்கியாச்சுன்னு சொன்னேன். பிடிக்கல."

திட்டுவாள், கத்துவாள் என்று காத்திருந்தாள். நாத்தனார் கத்தவில்லை. "கிடைச்சதும் கூப்பிடு" என்று மட்டும் சொன்னாள். குரல் உடைந்திருந்தது. அந்த ஒற்றை வாக்கியத்துக்குப் பதில் நாலு அறை வாங்கியிருக்கலாம் போலிருந்தது அவளுக்கு.

மூன்று பத்து. மூன்று பதினைந்து. மகன் தூணருகிலிருந்து, "அம்மா, தாத்தா படகுக்குப் போயிட்டாரா?" என்றான். கணவன் போலீசுக்குப் போகலாம் என்றான். மூன்று இருபத்திரண்டுக்கு அவள் போன் அடித்தது.

"அட்டையக்கா!" சாவி சாருக்கு மூச்சு இரைத்தது. "நான் பூட்டைத் திறக்கும்போதே உள்ள மணி அடிச்சுட்டிருந்துது. குடைக் குவியல்ல தடுக்கி விழுந்து எடுத்தேன். அந்தக் கட்டடத்து எலக்ட்ரீஷியனாம். அஞ்சு தடவை கூப்பிட்டாராம். பின்பக்கம் மீட்டர் ரூம். உங்க மாமா அங்கதான் இருக்கார். நல்லா இருக்கார். அழாதீங்க, ஓடுங்க. எனக்கு முட்டியில நல்ல அடி, அதை அப்புறம் பேசிக்கலாம்."

ஓடினாள். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம், பெரிய மின்விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவே, எப்பவும் பூட்டியிருக்கும் என்று காவலர் சத்தியம் செய்த கதவு அகலத் திறந்திருந்தது. விடுமுறை நாளில் பழுது பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் திறந்திருக்கிறார். வெள்ளைச் சட்டையும் காதில் பேனாவுமாக ஒரு பெரியவர் மிடுக்காக உள்ளே வந்து, "ரீடிங் எடுக்கணும்" என்றதும், மேலிடத்து ஆள் என்று எழுந்து நின்று வணக்கம் வைத்து, எழுதக் காகிதமும் கொடுத்திருக்கிறார். இருபத்தைந்து நிமிடம் கழித்து, "தண்ணி குடிக்கிறீங்களா சார்?" என்று கேட்டதற்கு, "எங்க வீடு எந்தத் தெரு?" என்று பெரியவர் திருப்பிக் கேட்டபோதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. சட்டை விலகியதில் அட்டை தெரிந்தது. இரைச்சலில் ஒலிபெருக்கி கேட்கவில்லை. பெரியவரோ எண்ணி முடிக்காமல் வர மறுத்துவிட்டார்.

வாசலில் எலக்ட்ரீஷியன் கையைக் குறுக்கே நீட்டினார்.

"நில்லுங்கம்மா. உங்க ஆள்தான்னு எனக்கு எப்படித் தெரியும்? அடையாளம் சொல்லுங்க."

அவள் தினமும் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கேட்கும் கேள்வி. கேட்டபோதெல்லாம் எதிரே நின்றவர்கள் ஏன் தடுமாறினார்கள் என்று இன்றைக்குப் புரிந்தது.

"இடது புருவத்துல தழும்பு... சட்டையில மூணாவது பட்டன் மட்டும் கறுப்பு நூல்ல தெச்சிருக்கும்... வலது காது கேக்காது. பேசும்போது இடது பக்கமா நிக்கணும்..." கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எலக்ட்ரீஷியன் கையை இறக்கிவிட்டார்.

மாமா காகிதத்திலிருந்து நிமிர்ந்தார். அவளை அடையாளம் தெரிந்ததோ இல்லையோ, முகம் மலர்ந்தது. "வந்துட்டியாம்மா? பதினாலாவது மீட்டர் ஓடல. குறிச்சுக்கோ."

"அது உண்மைதாங்க" என்றார் எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்துகொண்டு. "ரெண்டு மாசமாவே ஓடலை போலிருக்கு. நான் கவனிக்கவே இல்ல."

அவள் மாமாவின் கையைப் பிடித்தாள். இந்த முறை, வார்த்தைக்கு முன்னால் கை போயிற்று. போனில் நாத்தனாரைக் கூப்பிட்டு மாமாவின் இடது காதில் வைத்தாள். "தலைநகரம் பார்த்துட்டேன்மா. மொத்தம் முப்பத்தாறு மீட்டர்" என்றார் அவர். அந்தப் பக்கத்திலிருந்து அழுகை மட்டும் கேட்டது. படகு போகாமலே ரயில் ஏறினார்கள். மகன் ஊர் வந்து சேரும் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை வந்தது. அட்டையக்கா வேலைக்குப் போகவில்லை. மாமாவின் துணிகளை எடுத்து மடிப்பதும், மடித்ததைத் திரும்ப அலமாரியில் வைப்பதுமாக இருந்தாள். பத்து மணிக்கு நாத்தனார் வந்தாள். கையில் அதே பை. ஃபாரத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"அப்பா போட்டிருந்த சட்டையைக் கொண்டா."

கொண்டுவந்து கொடுத்தாள். நாத்தனார் சட்டையை உட்புறம் திருப்பி அட்டையைப் படித்தாள். படித்தவளின் விரல் நாலாவது வரியில் நின்றது. மதிப்பு: குறிக்க இயலாது.

"என்ன இது?"

"ஆபீஸ் வழக்கம், அண்ணி. பழைய போட்டோ, கையால எழுதின கடிதம் இந்த மாதிரி வரும். தொலைச்சா வேற வாங்க முடியாது பாருங்க... அதுக்கெல்லாம் இப்படித்தான் எழுதுவோம்."

நாத்தனார் அந்த வரியை விரலால் ஒருமுறை தடவினாள்.

"அன்னிக்கு நீ பொய் சொல்லியிருந்தா" என்றாள் மெதுவாக, "இப்ப வாசல்ல ஆட்டோ நின்னிருக்கும். பாத்ரூம்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். அவன் சின்ன வயசுலேருந்து அதைத்தான் சொல்றான்." கதவோரம் நின்ற கணவன் தலையைக் குனிந்துகொண்டான். "இதுல ஓரமா எழுதியிருக்கிறது உன் நம்பர்தானே?"

"ஆமா அண்ணி, வந்த ராத்திரியே எழுதிட்டேன்."

"அதுக்குக் கீழே என்னுதையும் எழுது. எவனாவது கூப்பிட்டா ரெண்டு பேர்ல ஒருத்தர் எடுக்கணும்ல?"

அதற்குள் மாமா மேஜையருகே வந்து ஃபாரத்தைப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது அவருக்குப் பிடித்துப்போயிற்று. பேனாவை எடுத்து, வாசல் மீட்டரின் எண்ணை ஞாபகத்திலிருந்து கொட்டை எழுத்தில் எழுதினார். நாத்தனார் அதைப் பிடுங்கவில்லை.

"தெரு முனை வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போயிட்டு வரேன்" என்று எழுந்தாள்.

அட்டையக்கா மாமாவின் கையை எடுத்து நீட்டி, "கொடுத்தாச்சு" என்றாள். நாத்தனார் புரியாமல் விழித்தாள்.

"அத்தை, வாங்கியாச்சுன்னு சொல்லணும்" என்றான் ஆறு வயதுக்காரன், உலகத்திலேயே முக்கியமான விஷயத்தைச் சொல்கிற முகத்தோடு. "ஆனா சும்மா சொல்லக் கூடாது. முதல்ல கையைப் பிடிக்கணும்."

நாத்தனார் அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்தாள். பிடித்த பிறகுதான் சொன்னாள்.